கிரேனிலிருந்து இறக்கியவர்

ஷிப்ட் முடிந்து கிரேனை விட்டு இறங்கிய லோகநாதன், மைசூர்பாகு டப்பாவோடு கம்பெனி வாசலுக்கு வந்தார்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மறுபடி மேலே ஏறியிருந்தார். இரும்புக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு நகரும்போது கீழே நின்றவர்களின் முகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை கொக்கியை இறக்கும்போதும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

இமை இறங்கத் தொடங்கி இரண்டு வருடம் இருக்கும்.

நேராகப் பார்த்தால் பாதிக் கண்தான் திறக்கும். கேபினிலிருந்து கீழே பார்த்தால் அதுவும் போய்விடும். ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் லீவரைத் தள்ளியிருக்கிறார். டாக்டரிடம் காட்டச் சொன்ன மனைவி கனகாம்பாளிடம் எரிந்து விழுந்தார். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் கிரேனில் ஏற விடுவார்களா?

யாரோ கம்பெனிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள்.

பாதுகாப்பு அதிகாரி அஸ்வினி அன்றே அவரைக் கீழே இறக்கி, கண் டாக்டரிடம் அனுப்பினார். போன் செய்தவனைச் சும்மா விடமாட்டேன் என்று அன்றைக்கு இதே வாசலில் நின்று கத்தியிருந்தார் லோகநாதன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிலருக்கு இமையைத் தூக்கும் தசைக்குப் பிறவியிலேயே வலு இருக்காதாம். அவர்களுக்கு இமையைப் புருவத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டிவரும். இவருக்குத் தசை நன்றாகத்தான் இருக்கிறது, இமையில் அதன் பிடிதான் விட்டுப்போயிருக்கிறது. இழுத்துத் தைத்தால் போதும்.

இமை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆபரேஷனுக்கு நடுவில் உட்காரவைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைத்தார்கள்.

இப்போது வாசலில் கூட்டாளிகள் டப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் துண்டு போன் செய்தவருக்குத்தான் என்றார் லோகநாதன்.

எல்லோரும் அன்புராஜைப் பார்த்தார்கள். அந்தக் கிரேனுக்கு ரொம்ப நாளாக ஆசைப்பட்டவன் அவன். சத்தியமாகத் தான் இல்லை என்றான். யாரும் நம்பவில்லை.

லோகநாதன் அவன் தோளில் தட்டிவிட்டு, டப்பாவைத் திறக்காமலே வண்டியை எடுத்தார்.

எளாவூரில் வீட்டுக்குள் நுழைந்ததும் கனகாம்பாள் டப்பாவை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனாள்.

"சாமிக்கு அப்பறம் வெச்சிக்கலாம். மொதல்ல நீ ஒரு துண்டு எடு."

அவள் புரியாமல் திரும்பினாள்.

"போன் பண்ணது யாருன்னு அஸ்வினி மேடம் கடைசிவரைக்கும் சொல்லல. பேசிக்கினு இருக்கும்போதே அழுதுட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க."

கனகாம்பாள் டப்பாவைத் திறந்து முதல் துண்டை எடுத்தாள்.