மயிலுக்குப் போட்ட தீனி

“இவன்தான் சார் மருந்து வச்சவன். ஊரக் கேளுங்க!”

சிவனம்மாள் கை நீட்டிய இடத்தில் முனியப்பன் தலைகுனிந்து நின்றான். நடுவே, சாக்கின் மேல் நாலு மயில்கள் செத்துக் கிடந்தன.

அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. புருசன் போன பிறகு அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த மயில்களோடுதான். விடிந்ததும் களத்தில் தீனி இறைப்பாள். ‘பழனியாண்டவன் வாகனம் வந்திருச்சு’ என்று கும்பிட்டுவிட்டுத்தான் காபித்தண்ணி வைப்பாள்.

பக்கத்துத் தோட்டக்காரன் முனியப்பன் அவளுக்குக் கொழுந்தன் முறை. அவனுக்கோ மயில் என்றாலே பற்றிக்கொண்டு வரும். தக்காளி நாற்றைக் கிளறிப் போடுகின்றன, பழத்தைக் கொத்துகின்றன என்று வன அலுவலகத்துக்கு இரண்டு தடவை மனு கொடுத்தான். மனு போனதோடு சரி. “ஒருநா இல்லாட்டி ஒருநா அம்புட்டும் சாகும் பாருங்க” என்று ரெட்டியார்சத்திரம் டீக்கடையில் அவன் வைததைக் கேட்காத ஆளில்லை.

“தேசியப் பறவைப்பா,” என்றார் வனவர் ஆனந்த்ராஜ். “கேஸ் ஆனா மூணு வருசத்துக்குக் கொறையாம உள்ள இருக்கணும். தெரியுமா?”

முனியப்பன் சாக்கின் மேல் கிடந்த மயில்களையே பார்த்தான்.

வனவர் சிவனம்மாள் பக்கம் திரும்பினார். “உங்ககிட்டயும் போன வருசமே சொன்னேம்மா, காட்டுப் பறவைக்குத் தீனி போட்டுப் பழக்காதீங்கன்னு. நீங்க கூப்பிட்டுப் போடுறீங்க. அது கூட்டமா வந்து அடுத்தவன் தோட்டத்துல எறங்குது.”

“வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் போடுறது குத்தமா சார்? கொன்னவன விட்டுட்டு என்னயக் கேக்குறீக!”

“அதானே?” என்றது கூட்டம்.

கால்நடை டாக்டரம்மா ஒரு மயிலின் இரைப்பையைக் கீறி, உள்ளே இருந்ததைத் தட்டில் கொட்டினார்.

“மக்காச்சோளம் சார். பூச்சி அரிக்காம இருக்க மருந்து கலந்து விக்கிற விதை. யாரோ கழுவிப் போட்டிருக்காங்க. ஆனா பாருங்க, ரோஸ் கலர் இன்னும் ஒட்டியிருக்கு. அந்த வெசம் கழுவுனாலும் போகாது.”

சிவனம்மாளுக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

விதைத்தது போக மிஞ்சிய சோளம். வீணாகப் போவானேன் என்று மூணு தண்ணீர் விட்டு அலசி, நேற்று காலையில் அவளேதான் களத்தில் இறைத்தாள். தன் கையால், கூப்பிட்டுக் கூப்பிட்டு.

“யாரு போட்டது இத?” வனவர் அதட்டினார்.

சிவனம்மாளுக்கு வனவர் முன்னே சொன்னதுதான் காதில் கேட்டது. மூணு வருசம்!

“நாந்தான் சார்,” என்றான் முனியப்பன்.

அவன் தோட்டத்தில் தக்காளியும் வெண்டையும் தவிர வேறெதுவும் போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றாள். அப்படி நிற்க அவளுக்கே கேவலமாக இருந்தது.

ஜீப்பில் ஏறப்போனவன் அவள் பக்கத்தில் வந்ததும், செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான்.

“மயிலுக செத்துக் கெடந்ததப் பாத்ததும், களத்துல கெடந்த ரோஸ் சோளத்த இன்னைக்கு விடியுமுன்னயே கூட்டி அள்ளிட்டேன் மதினி. சாக்குல மிச்சம் இருந்தா கோழிக்குப் போட்டுறாதீக.”

“எதுக்குடா இப்புடி...” என்றாள்.

“நீங்க அதுக வாழணும்னு போட்டீக. நான்ல தெனமும் சாகணும்னு வஞ்சேன்.”

ஜீப் கிளம்பியது. சிவனம்மாள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், செத்த நில்லுங்க. மக்காச்சோளம் வெதச்சது நான்.”