தொட்டிக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை

எங்கள் அடுக்ககத்தின் நாற்பது வீட்டுக் கழிவுநீரையும் நல்ல தண்ணீராக்கித் தருவது மொட்டைமாடித் தொட்டிதான். பாசியும் பாக்டீரியாவும் அதில் புதுமணத் தம்பதி மாதிரி ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன. அந்தத் தொட்டிக்கு நடக்கும் உபசாரம் என் கல்யாணத்தில்கூட எனக்கு நடந்ததில்லை!

போன மாதம் தொட்டி பழுப்பேறிச் சாகக் கிடந்தது. ஐந்து நாளாக எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. சங்கச் செயலாளர் பரிமளம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்.

"உண்மையைச் சொல்லுங்க சார், புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? அது பாத்ரூம் வழியா போய்த் தொட்டியைக் கொல்லுதாம்."

"நானா? கல்லைத் தின்னாலும் எனக்குச் செரிக்கும்மா!" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் புற்றுநோய் மாத்திரை தலையணைக்கு அடியில் இருந்தது. அதை விட்டால் தீபாவளியைப் பார்க்கமாட்டேன் என்றிருந்தார் டாக்டர். எதிர்வீட்டில் பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கோ குளிக்க ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. அன்றே நிறுத்திவிட்டேன்.

நாலாம் நாள் தொட்டி கிளிப்பச்சையானது. பரிமளம் கேசரியோடு வந்தார்.

"யாரோ மாத்திரையை நிறுத்திட்டாங்க சார். அந்தப் புண்ணியவான் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

"இருப்பான்மா, இருப்பான்" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.