மூன்று நாளும் பத்து நிமிடமும்

“நீல வெளிச்சம். சத்தம் துளிகூட இல்லை. பைபாஸ் ரோட்டுக்கு மேல, மூணு மாடி உயரத்துல, வட்டமா ஒரு வண்டி,” என்று கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை என்று சொல்லியிருந்தாள். தாளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். வானத்தில் விசித்திரம் கண்டதாக வரும் புகார்களை இயற்பியலைக் கொண்டு சலித்துப் பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். எட்டு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள். பாதி வெள்ளிக் கிரகம், மீதி பலூனும் ட்ரோனும்.

வந்தவர்களில் ஒருவர்கூட அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதில்லை. போன வாரம் வந்த ஆள், “நீங்களே அந்த வேற்றுக்கிரகத்து ஆளுதானே?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

“மேல சொல்லுங்கம்மா.”

“காரோட சேர்த்து உள்ளே இழுத்துக்கிச்சு. ஜன்னல் வழியா பார்த்தா, ஒரே நொடியில ஊர் இருபது கிலோமீட்டர் பின்னால போயிடுச்சு. உள்ளே இருந்தது பத்தே நிமிஷம். இறக்கி விட்டப்போ வெளியில மூணு நாள் ஆகியிருந்தது.”

பேராசிரியர் சிரிப்பை மென்று விழுங்கிவிட்டுக் கணக்குப் போட்டார். “நின்ன இடத்துலேருந்து ஒரு நொடியில இருபது கிலோமீட்டர்னா, உள்ளே இருக்கிற ஆள் தன் எடையைப்போல நாலாயிரம் மடங்கு எடையில நசுங்கணும். அறுபது கிலோ ஆள்னா இருநூத்து நாப்பது டன். மிச்சம் இருக்கறதைத் துணியால துடைச்சுத்தான் எடுக்கணும்.”

“உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே.”

“அந்த வேகத்துல காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போனா, அந்த அதிர்வுல ஊர்ல ஒரு ஜன்னல் கண்ணாடி மிஞ்சாது.”

“எங்க தெருவுல எல்லாம் பத்திரமா இருக்கு,” என்று சொல்லி அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

குறித்துக்கொள்கிறாளே! பேராசிரியருக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மூணு நாள் பத்து நிமிஷமாச் சுருங்குறது பொய்யில்லை. ஒளியோட வேகத்தை ஒட்டிப் போனா அப்படி ஆகும். ஆனா, ஒரே ஒரு ஆளை அந்த வேகத்துக்குத் தள்ளவே உலகம் முழுக்க நாலு வருஷம் எரிக்கிற சக்தி வேணும். பத்து நிமிஷம் சுத்திக் காட்ட யாராவது அவ்வளவு செலவு பண்ணுவாங்களா?”

“பண்ண மாட்டாங்க.”

“இன்னொண்ணு. கையில கட்டியிருந்த கடிகாரம், திரும்பி வந்தப்போ எவ்வளவு பின்தங்கியிருந்தது?”

“ஒரு நிமிஷம்கூட இல்லை சார். தேதி, மணி எல்லாம் சரியா இருந்தது. நான் முதல்ல அதைத்தான் பார்த்தேன்.”

“முடிஞ்சுது கதை,” என்று மேசையைத் தட்டினார் பேராசிரியர். “உள்ளே பத்து நிமிஷம்தான்னா அது மூணு நாள் பின்னாடி இருக்கணும். மூணு நாளும் அந்தக் கடிகாரம் இந்தப் பூமியிலதான் ஓடியிருக்கு. கட்டின கையும் இங்கேதான் இருந்திருக்கு.”

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள். வாதாடவில்லை. “இதை எழுதித் தர முடியுமா சார்? கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு.”

எட்டு வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள். பேராசிரியர் ஒரே மூச்சில் எழுதி நீட்டினார். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

“‘நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு’ன்னு போட்டிருக்கீங்க.”

“விஞ்ஞானத்துல அப்படித்தான்மா எழுதுவோம்.”

“படிக்கிறவங்க அந்தச் சந்துல புகுந்து ஓடிடுவாங்க சார்.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வரியை அடித்துவிட்டு, ‘நடக்கவே இல்லை’ என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டு சீலை அழுத்தினார்.

எழுந்து கதவு வரை வந்தபோது அவருக்கு மனம் இளகிவிட்டது. “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா. வேலை அதிகம், தூக்கம் குறைச்சல்னா யாருக்கும் இப்படித் தோணும். நேரா வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைக் காட்டுங்க. பாவம், அவருக்கும் நிம்மதியா இருக்கும்.”

அவள் கடிதத்தைக் கசங்காமல் உறையிலிட்டு, கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“அவர்கிட்ட காட்டத்தான் வாங்கினேன் சார். மூணு நாள் போயிட்டு வந்தது அவர்தான்.”