பதட்டமான ஊர்

சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஹயக்ரீவன் ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தார். அதற்குள் ஆவாரங்குளத்துக் குழாயடியில் ஒரு குடம் பறந்தது.

யார் மேலும் விழவில்லை. ஆனாலும் நல்ல சத்தம்.

அதிகாரி காலை மறுபடி ஜீப்புக்குள் எடுத்துக்கொண்டார்.

போலீஸ்காரன் தவசிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம்தான் மேலத்தெரு சங்கரலிங்கமும் கீழத்தெரு சமுத்திரமும் அவனுடைய கூடாரத்துக்கே வந்து, ‘ஒரு பிரச்சினையும் இல்லை, தாயும் பிள்ளையுமாக இருக்கிறோம்’ என்று அதிகாரியிடம் சொல்வதாகச் சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஒரு வார்த்தை போதும். கலவரம் நடந்த ஊரில் அமைதி திரும்பிவிட்டது என்று அதிகாரி எழுதிவிடுவார். கூடாரத்தைப் பிரித்துவிட்டு, தவசிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடலாம். சண்முகத்தாயிடம்.

தையில் கல்யாணம். மாசியில் இந்த ஊர் பந்தோபஸ்து.

வந்தபோது ஒரு வேன் நிறையப் போலீஸ். ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது கூடாரத்துக்குக் காவல் தவசிமுத்து, தவசிமுத்துவுக்குக் காவல் கூடாரம். பெண்டாட்டிக்குச் சுருட்டை முடியா நீள முடியா என்பதுகூடச் சில சமயம் அவனுக்குச் சந்தேகமாகிவிடும்.

“ஏட்டி கருத்தம்மா! இன்னொரு தடவ எங்க வரிசையில குடத்த வச்சே, கைய ஒடிச்சுப்புடுவேன்!” என்று கத்தினாள் மேலத்தெரு முத்தாத்தாள். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

“ஒடி பாப்போம்! ஒடிச்சிட்டு நீ ஊருக்குள்ள இருந்துருவியோ?” கீழத்தெரு கருத்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். அதைப் பார்த்துச் சமுத்திரமும் கட்டினார்.

சத்தியம் பண்ணின வாயா இது? தவசிமுத்துவுக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. லத்தியை ஓங்கிக்கொண்டு நடுவில் பாய்ந்தான்.

பாய்ந்தவன் அப்படியே நின்றான்.

முத்தாத்தாளின் இடுப்பிலிருந்த பிள்ளை, எதிரே நின்ற கருத்தம்மாளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதுகொண்டிருந்தது.

“பாவம், குழந்தைகூட மிரண்டுபோச்சே” என்றார் ஜீப்புக்குள்ளிருந்து அதிகாரி.

மிரளவில்லை. பசி. அது கருத்தம்மாள் பெற்ற பிள்ளை.

வசதியாகச் சண்டை போடுவதற்காக, கைப்பிள்ளையை எதிராளியிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தப் பிள்ளையைத் தவசிமுத்துவுக்குத் தெரியும். வைகாசியில் ஒருநாள் கருத்தம்மாளுக்கு வலி எடுத்தபோது, நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தவன் அவன்தான். வேறு எங்கும் நிற்காமல் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் அது. வழி நெடுகக் கருத்தம்மாளை மடியில் போட்டுக்கொண்டு போனவள் முத்தாத்தாள்.

முத்தாத்தாளின் தலைச்சன் பிள்ளைக்கு அந்த பஸ் இல்லை. வலியோடு மெயின் ரோட்டுக்கு நடந்தவள், கண்மாய்க் கரையிலேயே பெற்று அங்கேயே பறிகொடுத்தாள்.

கலவரத்தில் இரண்டு குடிசை எரிந்த பிறகுதான் இப்படி ஒரு ஊர் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரிந்தது. போலீஸ் வந்தது. போலீஸோடு பஸ் வந்தது, குழாய் வந்தது, வாரம் ஒருமுறை நர்ஸம்மா வந்தார். பக்கத்து ஊர் கல்லுப்பொத்தையில் அமைதி திரும்பிவிட்டது என்று சொல்லிக் கூடாரத்தைப் பிரித்தார்கள். மறுவாரமே பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டது.

“நீங்க கூடவே இருக்கிறவர். சொல்லுங்க” என்றார் அதிகாரி. “இது வெறும் குழாயடிச் சண்டையா, இல்லை நிஜமாவே பதட்டமா?”

ஊர் மொத்தமும் அவனையே பார்த்தது. முத்தாத்தாள் பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

உண்மையைச் சொன்னால் நாளைக்கே வீட்டுச் சாப்பாடு.

தவசிமுத்து பிள்ளையை ஒரு தரம் பார்த்தான்.

“ரொம்பப் பதட்டம் சார். கூடாரத்த எடுத்தா அன்னைக்கே வெட்டிக்கிடுவாவ.”

இன்னும் ஒரு வருஷத்துக்காவது காவல் இருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, இறங்காமலே அதிகாரி புறப்பட்டார்.

ஜீப்பின் புழுதி அடங்கியதும் கருத்தம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு குழாய்த் திண்டில் உட்கார்ந்து பசியாற்றினாள். முத்தாத்தாள் நசுங்கின குடத்தைப் பொறுக்கினாள். தவசிமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போய்ப் பெஞ்சில் விழுந்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம்.

“கோவமா போலீஸ் தம்பி?” என்றாள் முத்தாத்தாள். “நீங்கதான் ஊருக்குப் போவணுமா? அந்தப் புள்ள சண்முகத்தாய இங்க கூட்டிட்டு வந்தா என்ன? எங்க வீட்டு மச்சு சும்மாதான் கெடக்கு. அதான் பஸ்ஸு வருதுல்லா?”

தவசிமுத்து எழுந்து உட்கார்ந்தான். போவது எப்படி என்று யோசித்து யோசித்தே மாசக்கணக்கில் போக்கிவிட்டான். இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

“கூடாரத்த விட்டுட்டு எப்படிப் போறது?”

“போயிட்டு ராவுக்குள்ள வாங்க தம்பி. பந்தோபஸ்த நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் சங்கரலிங்கம்.

அவனை பஸ்ஸில் ஏற்றியே விட்டார்கள்.

பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தான். கூடார வாசலில் ஒரே பெஞ்சில் இரண்டு பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கரலிங்கம் கையில் லத்தி. சமுத்திரம் கழுத்தில் விசில்.

ஆவாரங்குளத்துக் கலவரத்துக்கு கோர்ட்டில் இரண்டு வழக்கு நடக்கிறது. ஒன்றில் முதல் குற்றவாளி சங்கரலிங்கம். இன்னொன்றில் சமுத்திரம்.