தெரசாவின் பாவசங்கீர்த்தனம்

ஃபாதர் வந்துவிட்டார். கோயிலில் அவர் உட்கார்ந்து மக்களின் பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது, உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. நர்ஸ் தெரசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமைதோறும் அவர் கீழேயிருந்து பஸ்ஸில் வருவார். பனி இறங்கினால் கொல்லிமலைப் பாதையில் பஸ் ஊர்ந்துதான் ஏறும். இத்தனை பனியிலும் இன்று சீக்கிரமே வந்துவிட்டாரே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் முழங்காலிட்டாள். நடுவில் துளை போட்ட பலகை. சொல்பவர் முகமும் கேட்பவர் முகமும் ஒருவருக்கொருவர் தெரியாது. இன்றைக்கும் சொல்லாமல் போனால் பைத்தியம் பிடித்துவிடும் அவளுக்கு.

"பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும் சுவாமி."

பதில் இல்லை. வழக்கமாக ஃபாதர் ஒரு செருமல் செருமிவிட்டு ஆசீர்வாதம் சொல்வார். தன் பாவம் அவருக்கு முன்பே தெரிந்துவிட்டதோ என்று பயந்தபடியே தெரசா கொட்ட ஆரம்பித்தாள்.

மலைமேல் பைல் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த பொன்னாயி, காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். வீட்டில் பச்சிலைக் கஷாயம் புகட்டியதை அவளே சொன்னாள். தெரசா ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அடங்கிப்போனது.

கஷாயம்தான் கொன்றது என்று ஊரே சொன்னது. புருஷன் பொன்னாயியை வீட்டை விட்டுத் துரத்தினான். அவள் கையால் இப்போது யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. பாவம், வயிறு எரிகிறவளுக்கு ஆறுதல் சொல்ல ஒரு நாதி இல்லை.

நேற்று அவள் தெரசாவிடமே வந்து அழுதாள். பெற்ற பிள்ளையைக் கொன்றவள் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்டாள். தனியே விடப் பயந்து, இரவு முழுக்கத் தன் அறையிலேயே தெரசா அவளைப் படுக்க வைத்தாள். எங்கள் கோயிலில் திரை போட்ட கூண்டு ஒன்று இருக்கிறது, அதில் மனதில் இருப்பதைச் சொன்னால் பாரம் குறையும், யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

தெரசாவின் நெற்றி பலகையில் இடித்தது.

"கஷாயம் ஒண்ணும் செய்யல ஃபாதர். நான்தான் ஊசி மருந்தை மாத்திப் போட்டுட்டேன். குப்பியைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. வேலை போயிடும், ஜெயிலுக்குப் போகணும்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பழியை அவ தலையில போட்டுட்டேன்."

சொல்லிவிட்டாள். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் நகர்ந்தது போல இருந்தது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று விம்மினாள்.

உள்ளேயும் யாரோ விம்மினார்கள். தனக்காக ஃபாதர் அழுகிறாரே என்று தெரசா பதறிப்போனாள்.

துளைகளின் வழியே மெல்லிய குரல் வந்தது.

"அப்ப எம்புள்ளையக் கொன்னது நானில்லீங்களா, நர்சம்மா?"