தலையணைக்கு ஆபரேஷன்

புது மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைத் துறை திறந்து நாலு மாதம். ஆபரேஷன் தியேட்டர் பளபளவென்று இருந்தது. நோயாளிதான் இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், இங்கே இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க என்று. நீங்கதான் முதல் ஆள் என்றதும் செருப்பைத் தேடினார்கள்.

மாதக் கடைசியில் ஆய்வுக் குழு வரும். அதற்குள் ஓர் ஆபரேஷனாவது நடக்காவிட்டால் துறைக்கு மூடுவிழாதான்.

துறைத் தலைவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மேசைமேல் ஒரு தலையணையைப் படுக்கவைத்து, தினமும் அதற்குக் குடலிறக்க ஆபரேஷன் ஒத்திகை நடத்தினார். ரத்தம் ஒற்ற எண்ணி வைத்த காஸ் துணியில் ஒன்று குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. தலையணைக்குக் கேஸ் ஷீட் வேறு!

அவர் மட்டும் கத்தியைத் தொட மாட்டார். ஓரமாக உட்கார்ந்து குறை சொல்வார். பத்தடி நடந்தாலே அவருக்கு ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அவரே வந்து, முதல் நோயாளி கிடைத்துவிட்டதாகச் சொன்னார். குடலிறக்கம்தான். பரிசோதனையெல்லாம் முடிந்தது, காலை எட்டு மணிக்கு நேராகத் தியேட்டருக்கு வந்துவிடுவார்.

"நீங்க பண்ணுங்க டாக்டர். நான் பண்ணப் போறதில்ல," என்றார் உதவிப் பேராசிரியையிடம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமை நர்ஸிடம் கொட்டித் தீர்த்தாள்.

"பாத்தீங்களா சிஸ்டர்? நல்லா முடிஞ்சா அவருக்குப் பேரு. ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

முப்பது வருஷமாகச் சேர்த்த பேரைப் புது இடத்தில் கெடுத்துக்கொள்வாரா, அந்த ஸ்டூலிலேயே ரிட்டயர் ஆகிவிடுவார் பாருங்கள் என்று நர்ஸும் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி. கை கழுவி, கையுறை மாட்டி உதவிப் பேராசிரியை தயார். ஸ்டூல் காலியாகக் கிடந்தது. பெரிய மனுஷன், எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று மனசுக்குள் திட்டினாள்.

கதவு திறந்தது.

நோயாளிகளுக்கான பச்சை அங்கியில், அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, மெல்ல நடந்து வந்தார் துறைத் தலைவர். தலையணை படுத்த இடத்தில் ஏறிப் படுத்தார்.

"காஸ் துணியை எண்ணியாச்சா?"

அவள் மேசையருகே வந்தாள். "சார்... இத்தனை மாசமா வலியோடயா இருந்தீங்க? உங்க பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே."

"நானே அங்க போய்ப் படுத்துட்டா, இங்க வேற யாரும்மா வந்து படுப்பாங்க?"