இனம் கண்டவர்

தாவரவியல் துறையின் கண்ணாடி வீட்டு மூலையில் இருந்த அந்தக் கிழங்குச் செடியைச் சாதாரணக் காட்டுச்சேனை என்று பேராசிரியர் திருவேங்கடம் பெயரட்டையில் எழுதிவைத்து ஆறு வருடமாகிவிட்டது. அது வேறு இனம் என்று துறைக் கூட்டத்தில் அவருடைய உதவியாளர் தமயந்தி சொன்னபோது, "சமையல்கட்டுல பாத்த சேனைக்கிழங்கு ஞாபகம் போல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். இலையை வைத்து நிரூபிக்க வழியில்லை, பூத்தால்தான் உள்ளே சூல்தண்டின் நீளத்தையும் நிறத்தையும் வைத்துத் தெரியும். அவள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தாள்.

இன்று காலை பூத்துவிட்டது. ஊதா மடல் இடுப்புயரத்துக்கு விரிந்து செத்த எலியின் நாற்றத்தை வீசியது. அவள் ஓடி வருவதற்குள் திருவேங்கடம் மடலின் அடியைக் கத்தியால் கீறிவிட்டிருந்தார். உள்ளே சூல்தண்டுகள் நீளமாக, கருஞ்சிவப்பாக, அவள் சொன்னபடியே இருந்தன. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு புது அட்டையில் அவள் சொன்ன பெயரையே எழுதி, 'இனம் கண்டவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

"சார், அது நான் சொன்ன பேரு."

"பூக்காத செடிக்கு யார் வேணா பேரு சொல்லலாம்மா. பூத்தப்புறம் சொல்றவன்தான் சொன்னவன்."

தமயந்தி கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாத்தி எழுதுங்க."

"கதவத் தொற."

அவள் நகரவில்லை. வெயில் ஏறிக் கண்ணாடிக் கூரை காய்ந்தது. நாற்றம் தடித்துத் தொண்டையை அடைத்தது. இருவரில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.